பழைய மைதானத்திலிருந்து புது ஸ்டேடியத்துக்கு: மதுரை கால்பந்து ரசிகருக்கான முழுமையான வழிகாட்டி

எங்கள் மைதானத்தில் இரண்டு கோல்களுக்கும் பெயர் உண்டு. கிழக்கே இருந்தது வேப்பமரத்துக் கோல், மேற்கே இருந்தது சுவர்க் கோல். கேலரி கிடையாது. சைக்கிளை ஸ்டாண்டு போட்டு அதன் கேரியரில் ஏறி உட்கார்ந்தால் அதுதான் முதல் வகுப்பு. வைகைக்கு வடகரையில் இருந்த அந்த இடத்தில் இன்று பாதிக்கு மேல் கட்டடம். வேப்பமரம் மட்டும் காம்பவுண்டுக்குள் நிற்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வண்டியை மெதுவாக்கிவிடுகிறேன்.

பிறகு சென்னை, கொச்சி, பெங்களூரு என்று பெரிய ஸ்டேடியங்களுக்குப் போக ஆரம்பித்தேன். முதல் இரண்டு பயணங்கள் எனக்கு ஒட்டவே இல்லை. ஆட்டம் பார்த்தேன், கத்தினேன், திரும்பினேன், அவ்வளவுதான். பழைய இடத்தைச் சரியாக நினைவில் நிறுத்தி வைக்காததுதான் காரணம் என்று பின்னால் புரிந்தது. நாம் எதைத் தொலைத்தோம் என்று தெளிவாகத் தெரிந்தால்தான் புது இடத்தில் எதைத் தேட வேண்டும் என்று தெரியும். அதனால் இந்த வழிகாட்டி ரயில் டிக்கெட்டில் தொடங்கவில்லை, பழைய மைதானத்தில் தொடங்குகிறது.

முதல் படி: பழைய மைதானத்தைத் தாளில் கொண்டுவாருங்கள்

ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். செல்போன் வேண்டாம், வரைய வேண்டியிருக்கும். மைதானத்தின் நான்கு பக்கமும் என்ன இருந்தது என்று படம் போடுங்கள். டீக்கடை, பம்ப்செட், பந்து போய் விழுந்தால் திட்டு வாங்கும் வீடு, எல்லாம். ஆடுகளம் சரிவாக இருந்ததா? மழை பெய்தால் எந்த மூலையில் தண்ணீர் கட்டும்? சாயங்கால வெயில் எந்தப் பக்கத்து கோலியின், அதாவது கோல்கீப்பரின், கண்ணில் அடிக்கும்? இந்தக் கேள்விகளுக்கு உங்களுக்கே பதில் தெரியும், ஆனால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எனக்கு இப்படி எழுத உட்கார்ந்தபோது முதலில் வந்தது ஒரு கோல்கூட இல்லை, சுண்ணாம்பு வாசனைதான். போட்டி நாள் காலையில் ஒரு பெரியவர் வருவார். இரண்டு ஆணி, ஒரு சணல் கயிறு, அடியில் ஓட்டை போட்ட பால்பவுடர் டின். கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு, கரைத்த சுண்ணாம்பை டின்னில் ஊற்றி, கயிற்றை ஒட்டியே குனிந்து நடப்பார். ஓட்டையை விரலால் மூடி மூடித் திறப்பார், கோடு ஒரே அகலத்தில் வரும். நடு வட்டத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிட்டு ஆணியைப் பிடிக்கச் சொல்வார்.

"தாத்தா, வட்டம் கோணலா வருது."

"நீ ஆணிய ஆட்டாம பிடிடா, வட்டம் தானா வரும்."

கோல் வலை இராமேஸ்வரம் பக்கமிருந்து யாரோ கொண்டுவந்த பழைய மீன் வலை. பந்து உள்ளே போனால் வலை தூக்கி அடிக்காது, தொய்ந்துபோய்ப் பந்தை வாங்கிக்கொள்ளும். இன்றும் டிவியில் கோல் விழும்போது என் காது அந்தச் சத்தத்தைத்தான் எதிர்பார்க்கிறது. உங்கள் மைதானத்திலும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். அதைக் கண்டுபிடித்து எழுதும்வரை நோட்டை மூடாதீர்கள்.

அடுத்து, உங்களைவிடப் பத்து இருபது வயது மூத்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்கே போங்கள். மாமாவோ சித்தப்பாவோ, பழைய கோச்சோ, யாராக இருந்தாலும் சரி. வீட்டில் உட்கார வைத்துக் கேட்டால் "அதெல்லாம் ஒரு காலம்" என்று முடித்துவிடுவார்கள். இடத்தில் நிறுத்தினால் கால் தானாக நகரும். "இங்கதான் கார்னர் கொடி, இங்கருந்துதான் அவன் அடிச்சான்" என்று கை நீட்டுவார்கள். நேரமும் முக்கியம். ஆட்டம் நடந்த அதே நேரத்துக்கு, அதாவது நாலரை ஐந்து மணிக்குப் போங்கள். அந்த வெயிலில்தான் நிழல்கள் பழைய இடத்தில் விழும்.

கட்டடம் வந்துவிட்டது, கோல் எங்கே இருந்தது என்று தெரியவில்லை என்கிறீர்களா? நடந்து அளக்கலாம். சர்வதேச ஆட்டங்களுக்கான வழக்கமான ஆடுகளம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். சாதாரண நடையில் ஒரு காலடி, அதாவது ஒரு எட்டு, முக்கால் மீட்டர் என்று வைத்தால் நீளம் 140 எட்டு, அகலம் சுமார் 91 எட்டு வரும். கோலின் அகலம் 7.32 மீட்டர், அது பத்து எட்டு. பெனால்டிப் புள்ளி கோல் கோட்டிலிருந்து 11 மீட்டர், அது பதினைந்து எட்டு. நம் ஊர் மைதானங்கள் இதைவிடச் சின்னவை, ஆனால் கோலும் பெனால்டிப் புள்ளியும் பெரும்பாலும் இதே அளவுதான். ஒரு மரம், ஒரு பழைய சுவர், ஒரு மின்கம்பம், இவற்றில் ஒன்று மிச்சமிருந்தால் போதும். நான் வேப்பமரத்திலிருந்து எட்டு வைத்துத்தான் பெனால்டிப் புள்ளியைக் கண்டுபிடித்தேன். இப்போது அது ஒரு பைக் நிறுத்துமிடம்.

இதெல்லாம் தேவையா என்று கேட்பவர்களுக்கு இரண்டு இடங்களைச் சொல்வேன். இங்கிலாந்தில் மிடில்ஸ்பரோ அணி 1903 முதல் 1995 வரை ஆடிய ஏய்ர்சம் பார்க் இப்போது குடியிருப்பு. 1966 உலகக் கோப்பையில் வட கொரியா இத்தாலியை 1-0 என்று வீழ்த்தியது அங்கேதான். பாக் டூ-இக் அந்த கோலை அடித்த இடத்தை, சேற்றில் பதிந்த பூட்ஸ் தடம் போல வெண்கலத்தில் செய்து பதித்து வைத்திருக்கிறார்கள். லண்டனில் ஆர்சனல் 1913 முதல் 2006 வரை ஆடிய ஹைபரியும் அடுக்குமாடி வீடுகளாகிவிட்டது. ஆனால் கிழக்கு, மேற்கு ஸ்டாண்டுகளின் முகப்பை அப்படியே விட்டுவிட்டு, ஆடுகளம் இருந்த இடத்தைக் குடியிருப்பின் நடுத் தோட்டமாக்கிவிட்டார்கள். புல் இருந்த இடத்தில் புல்லே இருக்கிறது. நம் ஊரில் யாரும் வெண்கலம் வைக்கப் போவதில்லை, உங்கள் நோட்டுதான் அந்த வெண்கலம்.

மதுரைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தமுக்கம் மைதானத்தில் இன்று மாநாட்டு மையம் நிற்கிறது. ரேஸ்கோர்ஸ் என்ற பெயர் மட்டும் குதிரை ஓடிய காலத்தைச் சொல்கிறது, அங்கே இருப்பது எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கம். இடங்கள் மாறுவது நமக்குப் புதிதல்ல. மாறியதை எழுதி வைக்கும் பழக்கம்தான் நம்மிடம் குறைவு.

இரண்டாம் படி: எந்த ஸ்டேடியத்துக்கு முதலில்?

முதல் பயணம் சென்னை பெரியமேடு நேரு ஸ்டேடியமாக இருக்கட்டும். ஊர் பழகிய ஊர், மொழி நம் மொழி, அதோடு அந்த இடத்துக்கே ஒரு பழைய உயிர் உண்டு. இன்றைய அரங்கம் 1993இல் வந்தது. அதற்கு முன் அங்கே இருந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் 1956 முதல் 1965 வரை டெஸ்ட் கிரிக்கெட்டே நடந்திருக்கிறது. 2014 முதல் சென்னையின் எஃப்சியின் வீடு அது. 2015இலும் 2017-18 பருவத்திலும் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கோப்பையை வென்ற அணி. ஒரே குறை, ஓட்டப் பாதை நடுவில் இருப்பதால் ஆடுகளம் கேலரியிலிருந்து தள்ளி நிற்கும். கோட்டுக்கு இரண்டடி தள்ளி நின்று பார்த்து வளர்ந்த நமக்கு இது முதலில் ஏமாற்றமாக இருக்கும். முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் வலிக்காது.

அடுத்து கொச்சி கலூர். கேரளா பிளாஸ்டர்ஸ் பல ஆண்டுகள் ஆடிய அரங்கம், 2017இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை ஆட்டங்களும் அங்கே நடந்தன. ஓட்டப் பாதை கிடையாது, செங்குத்தான கேலரி. மஞ்சள் சட்டைக் கூட்டம் ஒரே குரலில் எழும்பும்போது கான்கிரீட் அதிர்வதை உள்ளங்காலில் உணரலாம், நான் செருப்பைக் கழற்றி வைத்துப் பார்த்தேன். ஒரு ரசிகர் வாழ்க்கையில் ஒரு முறையாவது அங்கே உட்கார வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பெங்களூரு கண்டீரவாவை மூன்றாவதாக வைக்கலாம். கப்பன் பூங்காவை ஒட்டி, நகரத்தின் நடுவில் இருக்கிறது. நேரம் இருந்தால் கோழிக்கோடு. 2020-21, 2021-22 என்று அடுத்தடுத்து ஐ-லீக் வென்ற கோகுலம் கேரளாவின் ஊர் அது. அங்கே பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் எழுபது வயதுக்காரர் ஆட்டத்தை வாசிப்பதைக் கேட்டால் வர்ணனையாளர் தேவைப்படாது.

பெண்கள் ஆட்டத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் மதுரையின் சேது எஃப்சிதான் 2018-19 இந்திய மகளிர் லீக் சாம்பியன். அந்த இறுதி ஆட்டம் நடந்தது லூதியானாவில், மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்றார்கள். நம் ஊர் அணி கோப்பை தூக்கியதை நேரில் பார்க்க எத்தனை பேருக்குக் கொடுத்து வைத்தது! இனி அந்த அணி எட்டும் தூரத்தில் ஆடினால் தவறவிடாதீர்கள்.

மூன்றாம் படி: டிக்கெட், ரயில், பேருந்து

ஆட்ட அட்டவணையும் ஆடும் ஊரும் கடைசி நேரத்தில் மாறுவது உண்டு. ஆகவே முதலில் அணியின் அதிகாரப்பூர்வ பக்கத்தில் தேதியையும் இடத்தையும் உறுதி செய்யுங்கள், பிறகு ஆட்ட டிக்கெட், கடைசியாக ரயில். ரயிலை முதலில் போட்டுவிட்டு ஆட்டம் வேறு நாளுக்குப் போனதால் ஒரு முறை சும்மா ஊர் சுற்றிவிட்டு வந்தேன். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். தவறிவிட்டால் தட்கல், முந்தைய நாள் காலை குளிர்சாதன வகுப்புக்கு 10 மணி, மற்றதற்கு 11 மணி.

சென்னைக்கு வைகை எக்ஸ்பிரஸ் அருமையாகப் பொருந்தும். விடிகாலையில் ஏறினால் இரண்டு மணிவாக்கில் எழும்பூர், அங்கிருந்து பெரியமேடு ஆட்டோவில் பத்து நிமிடம். எழும்பூரில் மறுகட்டமைப்பு வேலை நடப்பதால் ரயில் எந்த நிலையத்தோடு நிற்கிறது என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். திரும்புவதில்தான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். ஏழரை மணி ஆட்டம் முடிய ஒன்பதரை ஆகும், மதுரைக்கு வரும் பாண்டியன் எக்ஸ்பிரஸைப் பிடிக்க முடியாது. பிடிக்கலாம் என்று நினைத்தால் எண்பதாவது நிமிடத்தில் எழுந்து ஓட வேண்டும். அப்படிப் பார்ப்பதற்குப் பார்க்காமலே இருக்கலாம். கிளாம்பாக்கம் போய் இரவுப் பேருந்து ஏறுங்கள், அல்லது தங்கிவிட்டு மறுநாள் மதியம் வைகையில் வாருங்கள். நான் தங்குவேன்.

கொச்சிக்கு அமிர்தா எக்ஸ்பிரஸ் இருக்கிறது. பழனி, பொள்ளாச்சி, பாலக்காடு சுற்றிக்கொண்டு எர்ணாகுளம் போகும். ராத்திரி வெகு நேரம் ஆகிவிடும் என்பதால் ஆட்டத்துக்கு முந்தைய நாளே கிளம்ப வேண்டும். மலைப்பாதை பிடிக்குமென்றால் ஆரப்பாளையத்தில் ஏறித் தேனி, குமுளி, கோட்டயம் வழியாகப் பேருந்தில் போகலாம். வயிறு ஒத்துழைக்க வேண்டும். கொச்சிக்குள் மெட்ரோதான் வசதி, ஸ்டேடியத்தின் பெயரிலேயே ஒரு நிலையம் வாசலில் இருக்கிறது. பெங்களூருவுக்கு 2024 ஆகஸ்டு கடைசியில் வந்தே பாரத் வந்துவிட்டது. அதிகாலையில் மதுரையில் ஏறினால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கன்டோன்மென்ட்.

நான்காம் படி: ஸ்டேடியத்தைச் சுற்றி வாருங்கள்

இது என் சொந்த முறை, மதுரை கற்றுக்கொடுத்தது. நம் ஊரில் கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று அடுக்கடுக்காக இருக்கிறதல்லவா? ஸ்டேடியமும் அப்படித்தான். வெளியே கடைத்தெரு, அப்புறம் வாசல் வளையம், அதன் உள்ளே கேலரிக்கு அடியில் ஓடும் நடைபாதை, அதற்கும் உள்ளே இருக்கைகள், நடுவில் புல். நேராக வாசலில் நுழைந்து இருக்கையில் போய் விழுந்தால் ஒரு வீதியைக்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். முதல் சுற்றை வெளியே, முழுதாக, நடந்தே முடியுங்கள். எந்த வாசலில் அணிப் பேருந்து நுழைகிறது, எங்கே கொடி விற்கிறார்கள், எந்த டீக்கடையில் கூட்டம் என்று பாருங்கள். கூட்டம் உள்ள டீக்கடையில் ஒரு டீ வாங்கி நின்றால் போதும், பேச்சு தானாகத் தொடங்கும். கலூரில் அப்படி நின்றபோது ஒருவர் 1997 நேரு கோப்பைக் கால்பந்துப் போட்டிக்கு வந்த கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். அரங்கம் திறந்து அடுத்த வருடம் அது. படிக்கட்டிலும் ஆள், நடைபாதையிலும் ஆள் என்று கையை விரித்துக் காட்டினார். அவருக்கு இது பழைய மைதானம், எனக்குப் புதியது. அன்றுதான் அந்த இடம் எனக்குத் திறந்தது.

கையில் என்ன கொண்டு போகலாம் என்று டிக்கெட்டிலேயே போட்டிருப்பார்கள், படியுங்கள். தண்ணீர் பாட்டில், சில்லறைக் காசு, பவர் பேங்க், ஹெல்மெட் ஆகியவற்றைப் பல இடங்களில் உள்ளே விடுவதில்லை. ஒரு ஊரில் என் பையையே வெளியே வைக்கச் சொல்லிவிட்டார்கள், வைக்க இடமில்லை, எதிர்க் கடைக்காரர் இரக்கப்பட்டு வாங்கி வைத்தார். அடையாள அட்டை, டிக்கெட், போன், கொஞ்சம் ரூபாய் நோட்டு. வேறு எதுவும் வேண்டாம்.

ஐந்தாம் படி: எங்கே உட்கார்வது, எதைப் பார்ப்பது

முதல் முறை போகும்போது பக்கவாட்டு கேலரியில், நடுக்கோட்டுக்கு நேராக, முடிந்தவரை மேலே எடுங்கள். டிவி காட்டாத ஒன்று அங்கே தெரியும். பந்து இல்லாத பக்கத்தில் பேக் (தடுப்பாட்டக்காரர்) எப்படி நகர்கிறார், கோலி எவ்வளவு தூரம் முன்னால் வந்து நிற்கிறார் என்பதெல்லாம் மேலிருந்துதான் புரியும். இரண்டாம் முறை கோலுக்குப் பின்னால், பாடுகிற கூட்டத்தோடு. அங்கே ஆட்டம் பாதிதான் தெரியும், ஆனால் உங்கள் பக்கத்து கோலில் பந்து விழும்போது கிடைப்பது வேறு எங்கும் கிடைக்காது.

உட்கார்ந்ததும் போனை எடுக்காதீர்கள். ஐந்து நிமிடம் சும்மா கவனியுங்கள். புல்லில் தண்ணீர் தெளிக்கிறார்களா? கோலிகள்தான் முதலில் பயிற்சிக்கு வருவார்கள், அவர்கள் பந்தை அறையும் சத்தம் காலி அரங்கத்தில் எப்படித் திரும்பி வருகிறது? கோடு போட இப்போது சக்கர வண்டி, பெயின்ட். அதைத் தள்ளிக்கொண்டு போகிறவரும் கயிற்றை ஒட்டித்தான் நடக்கிறார் என்பதை நேரு ஸ்டேடியத்தில் ஒரு மத்தியானம் பார்த்தேன். அன்று ஆட்டத்தின் ஸ்கோர்கூட எனக்கு ஞாபகமில்லை. அந்தக் கயிறு ஞாபகமிருக்கிறது.

ஒப்பிடாமல் இருக்க முடியாது. ஆனால் முதல் பயணத்தில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இங்கிலாந்தில் எவர்டன் ரசிகர்கள் தங்கள் அணி 1892 முதல் ஆடிய குடிசன் பார்க்கை விட்டு 2025இல் துறைமுகத்து ஓரம் கட்டிய புது அரங்கத்துக்குப் போனார்கள். ஒரு மூலையில் தேவாலயம் ஒட்டி நிற்கும் அந்தப் பழைய மைதானத்தை இடிக்கவில்லை, பெண்கள் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். பழையதும் உயிரோடு, புதியதும் உயிரோடு. இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

ஆறாம் படி: கடல் தாண்டுவது

மதுரையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு, அங்கே உறவினர் இல்லாத குடும்பமும் குறைவு. போகிறவர்கள் தேசிய அரங்கம் இருக்கும் காலாங் பகுதிக்கு ஒரு மாலை ஒதுக்குங்கள். 1973இல் திறந்த பழைய தேசிய அரங்கத்தில் எழுந்த கூச்சலுக்கு 'காலாங் கர்ஜனை' என்றே பெயர். சிங்கப்பூருக்காக வி. சுந்தரமூர்த்தி ஆடிய இடம். 2007இல் மூடி, இடித்து, 2014இல் 55,000 பேர் உட்காரும் புது அரங்கத்தைத் திறந்தார்கள். திறந்து மூடும் கூரை கொண்டது. ஆட்டம் இல்லாத நாளில் போனாலும் வெளிச்சுற்றில் நடக்கலாம்.

ஆனால் ஒன்றுதான் முடியும் என்றால் கோலாலம்பூருக்குப் போங்கள் என்பேன். மெர்டேக்கா ஸ்டேடியம் இடிபடாமல் இருக்கிறது. 1957 ஆகஸ்டு 31 அன்று மலாயாவின் சுதந்திரம் அறிவிக்கப்பட்ட அரங்கம். முகமது அலி 1975இல் ஜோ பக்னரோடு மோதியது அங்கே. 1980 ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் மலேசியா தென் கொரியாவை 2-1 என்று வென்றதும் அங்கே. அந்த அணியின் கோலி ஆர். ஆறுமுகம், நீண்ட கைகளுக்காக 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கொண்டாடிய தமிழர். மாஸ்கோ ஒலிம்பிக்கை மலேசியா புறக்கணித்ததால் அவர்கள் போகவே இல்லை. அந்த கோல் கம்பங்கள் இருந்த பக்கம் பார்த்துக் கொஞ்ச நேரம் நில்லுங்கள். தேசிய ஆட்டங்கள் இப்போது 1998இல் திறந்த புக்கிட் ஜாலில் அரங்கத்தில். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம், காலையில் பழையது, மாலையில் புதியது.

ஏழாம் படி: திரும்பி வந்த பிறகு

ரயிலிலேயே எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்தால் வேலை இழுத்துக்கொள்ளும். பழைய மைதானத்தை வரைந்த அதே நோட்டில், அதே கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்: வெயில் யார் கண்ணில் அடித்தது, பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார், என்ன வாசனை. டிக்கெட்டை ஒட்டுங்கள். இப்போதெல்லாம் போனில்தான் டிக்கெட் என்பதால் நான் ஆட்டத்துக்கு முன் ஒரு பிரதி எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்த முறை அதே ஸ்டேடியத்துக்கு ஒரு பையனையோ பெண்ணையோ கூட்டிப் போங்கள். என் தங்கை மகனைக் கொச்சிக்கு அழைத்துப் போனேன், பன்னிரண்டு வயது. திரும்பும்போது பேருந்தில் பாதித் தூக்கத்தில் கேட்டான்: "மாமா, நீங்க விளையாண்ட கிரவுண்ட எப்பக் காட்டுவீங்க?"

அடுத்த ஞாயிறு சாயங்காலம் நாலரைக்குப் போனோம். வேப்பமரத்தடியில் அவனை நிறுத்திவிட்டு, எட்டு எண்ணச் சொன்னேன். அவன் கால் சின்னது, கணக்கு இடித்தது. பைக்குகளுக்கு நடுவில் நின்று, செருப்பு முனையால் மண்ணில் ஒரு புள்ளி வைத்தான்.